பாய் தைக்கத் தெரியாமல் யாட் வரையலாமா?

4 பெப்ரவரி 2024 — ஒரு வாசகியின் கேள்வி

நான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு. ஊர் பருத்தித்துறை. யாட் (பந்தயத்துக்கும் உல்லாசத்துக்குமான பாய்ப்படகு) வடிவமைப்பில் மேற்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இதற்கிடையில் இங்கேயே பாய்ப்படகுகளுக்குப் பாய் தயாரிக்கும் தொழிற்கூடம் ஒன்றில் ஒரு வருடப் பயிற்சி இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. வீட்டில், "இஞ்சினியருக்குப் படித்துவிட்டுத் தையல் வேலைக்கா போகப்போகிறாய்?" என்கிறார்கள். அவர்கள் சொல்வது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. இன்று பாயின் வடிவத்தைக் கணினி வரைகிறது, துணியை இயந்திரம் வெட்டுகிறது. அந்த ஒரு வருடத்தை வீணாக்காமல் நேரே மேற்படிப்புக்குப் போவதுதான் புத்தி. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

4 பெப்ரவரி, இரவு

மறுக்கிறேன், தங்கச்சி. நானும் வடமராட்சிதான், வல்வெட்டித்துறை. இப்போது இங்கிலாந்தின் தென்கரையில், சோலன்ட் கடலை அண்டிய ஒரு பாய்ப் பட்டறையில் பல வருடமாக வேலை.

பாயை வெறும் தட்டைத் துணி என்று நினைப்பவர்களுக்குத்தான் அது தையல் வேலை. தட்டைத் துணியைப் பாய்மரத்தில் ஏற்றினால் படகு பெரும்பாலும் காற்று தள்ளும் பக்கம்தான் போகும். காற்றை எதிர்த்துச் சாய்வாக நன்றாக ஏற வேண்டுமானால் பாய்க்கு வயிறு வேண்டும். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு ஒரு நேர்க்கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் நீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடிய ஆழம். அந்த ஆழம் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். அடியில் ஓர் அளவு, உச்சியில் வேறோர் அளவு.

துணியில் அதைக் கொண்டுவர இரண்டு வழி. துணித்துண்டுகளின் ஓரத்தை மெல்லிய வளைவாக வெட்டி, ரவிக்கைக்குப் பிடிப்பு வைப்பதுபோல ஒன்றோடொன்று சேர்ப்பது ஒன்று. முன்விளிம்பையே வெளிப்புறம் வளைத்து வெட்டுவது மற்றது; நேரான மரத்தில் ஏற்றும்போது மிச்சத் துணி உள்ளே தள்ளப்பட்டு வயிறாகிறது. மரம் வளைந்தால் அந்த மிச்சம் தீர்ந்து பாய் தட்டையாகும். ஆகவே மரம் எவ்வளவு வளையும் என்று தெரியாமல் பாய் வெட்ட முடியாது. மரத்தின் வளைவோ அதைப் பிடித்திருக்கும் கம்பிகளையும், படகு எவ்வளவு விறைப்பாகச் சாயாமல் நிற்கும் என்பதையும் பொறுத்தது. அது படகை வரைந்தவரின் கணக்கு. இந்த இரண்டு தொழிலையும் எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பீர்கள்?

5 பெப்ரவரி

நேற்று விட்டது: கணினி. ஆம், எங்கள் பட்டறையிலும் வடிவத்தைக் கணினிதான் விரிக்கிறது, நீண்ட மேசையில் வெட்டு இயந்திரம்தான் ஓடுகிறது. ஆனால் கணினிக்கு எண்ணைக் கொடுப்பவர் யார்? மழையில் படகுத்துறைக்குப் போய், மரத்தின் உச்சிக்கு, பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றோடு அளவுநாடாவை ஏற்றி, கம்பிகளின் இழுவையைக் கையால் பிடித்துப் பார்த்து வந்தவர். அந்த ஆள் பாய் தைத்துப் பழகாதவராக இருந்தால் எந்த அளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அளந்துகொண்டு வருவார், வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

7 பெப்ரவரி

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: பாய் தைத்தவர்கள் யாராவது பெயர் சொல்லும்படி படகு வரைந்திருக்கிறார்களா?

பென் லெக்சன். ஆஸ்திரேலியர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, ரயில் எஞ்சின் பட்டறையில் தொழில் பழகி, பிறகு பங்காளி ஒருவருடன் சேர்ந்து பாய்த் தொழில் நடத்தியவர். 1851 முதல் அமெரிக்கர்கள் கைவிடாமல் வைத்திருந்த அமெரிக்கா கோப்பை என்ற பாய்ப்படகுப் பந்தயக் கோப்பையை 1983 இல் பறித்த 'ஆஸ்திரேலியா II' அவர் பெயரில் இருக்கும் படகு. அடியில் தொங்கும் ஏராவுக்குச் சிறகு வைத்தது அதில்தான்.

டெட் ஹூட். மாசச்சூசெட்ஸில் மார்பிள்ஹெட்காரர். சந்தையில் கிடைத்த துணி பிடிக்காமல் பாய்த்துணியைத் தானே நெய்தவர். 'நெஃபர்டிட்டி', 'இண்டிபென்டன்ஸ்' இரண்டும் அவர் வரைந்த படகுகள். 1974 இல் 'கரேஜஸ்' படகின் தலைவராக அமெரிக்கா கோப்பையையும் வென்றார். நூல் இழையிலிருந்து வெற்றிக்கோடு வரைக்கும் ஒரே மனிதர். இப்படி இன்னொருவர் எனக்குத் தெரிந்து இல்லை.

7 பெப்ரவரி, பின்னேரம்

லெக்சனைப் பற்றி ஒரு நண்பர் குறுக்கிட்டு எழுதியிருக்கிறார்: அந்தப் படகின் மாதிரிகள் நெதர்லாந்தில் வாகனிங்கன் சோதனைத் தொட்டியில் இழுத்துப் பார்க்கப்பட்டவை, சிறகு ஏராவில் டச்சுப் பொறியியலாளர்களின் பங்கு எவ்வளவு என்று இன்றும் சண்டை நடக்கிறது, அதைச் சொல்லாமல் விடலாமா என்று. விடக்கூடாதுதான்.

அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஒலின் ஸ்டீபன்ஸையும் இதில் சேர்க்கலாம். எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு வருடத்தோடு படிப்பை விட்டவர். இருபத்தொரு வயதில் 'டொரேட்' படகை வரைந்தார். 1931 இல் அட்லாண்டிக் கடக்கும் பந்தயத்தில் மற்றவர்களை இரண்டு நாள் பின்னால் விட்டுவிட்டு அது கரைசேர்ந்தது. பட்டம் இல்லாமலே மேதை என்று அவரைக் காட்டுவார்கள். ஆனால் 1937 இல் ஸ்டார்லிங் பர்ஜெஸ் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து 'ரேஞ்சர்' என்ற பந்தயப் படகை வரைந்தபோது, அமெரிக்காவின் ஹோபோக்கனில் டேவிட்சன் என்பவரின் சோதனைத் தொட்டியில் மாதிரிகளை இழுத்துப் பார்த்துத்தான் உருவத்தைத் தேர்ந்தார்கள். கைப்பழக்கம் உள்ளவர்களும் கணக்கைத் தேடிப் போனார்கள். தங்கச்சி, உங்களிடம் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது மற்றது.

11 பெப்ரவரி

வேலை எவ்வளவு கிடைக்கும், சம்பளம் எப்படி என்று தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில்.

யாட் வடிவமைப்பு சிறிய வாசல். பெயர்பெற்ற கந்தோர்கள்கூட ஒரு வீட்டு மாடிக்குள் அடங்கிவிடும். புதிதாகச் சேர்பவர் முதல் வருடங்களில் படகின் உருவத்தைத் தொடவே மாட்டார். எடைப்பட்டியல் போடுவார்: ஒவ்வொரு சாமானும் எத்தனை கிலோ, முன்னாலிருந்து எத்தனை மீட்டர், மேலே எத்தனை மீட்டர். ஏராவைப் படகோடு பிடிக்கும் போல்ட்டுகளின் பலம் பார்ப்பார். படகு உடலின் தடிப்புக்கு ஐ.எஸ்.ஓ. 12215, கவிழாமல் நிற்பதற்கு ஐ.எஸ்.ஓ. 12217 என்று ஐரோப்பிய விதிகளுக்கான தாள்களை நிரப்புவார். அலுப்பான வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏரா கழன்ற படகு சில நொடிகளில் புரண்டுவிடும். உள்ளே உறங்குபவர்களுக்கு எழுந்திருக்கவே நேரம் இருக்காது. அந்த போல்ட் கணக்கைப் போட்டவரின் கையில் அவர்கள் உயிர் இருக்கிறது.

காசு? தனிப்படகு என்றால் வரைகூலி. ஒரே அச்சில் பல படகு வார்க்கும் நிறுவனம் என்றால் படகுக்கு இவ்வளவு என்று உரிமைத்தொகை. அது பெயர் எடுத்த பிறகு வரும் காசு. அதுவரை, உங்களோடு படித்து எண்ணெய்க் கம்பனிக்கோ கப்பல்துறைக்கோ போனவர்கள் உங்களைவிட நன்றாகவே வாழ்வார்கள். பாய்த் தொழிலில் வேலை கிடைப்பது இதைவிடச் சுலபம். சம்பளம் நல்ல தச்சர் ஒருவருடையதைத் தாண்டாது. இதை மறைத்து ஆசை காட்டுவது பாவம்.

11 பெப்ரவரி, சற்றுப் பிறகு

விட்டது: பாய்மரம் செய்பவர்கள், கார்பன் கட்டமைப்புக் கணக்கர்கள், பந்தய விதிக்கு அளவெடுப்பவர்கள், விபத்துக்குப் பின் படகைப் பார்வையிடுபவர்கள். இவர்களும் இதே கடலில்தான் சம்பாதிக்கிறார்கள். வடிவமைப்பாளர் என்ற ஒரே பட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

18 பெப்ரவரி

பட்டறைக்குள் என்ன இருக்கும் என்று தங்கச்சி கேட்டிருக்கிறார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். தரை முழுக்க மெருகிட்ட பலகை, அதுதான் மேசையும். தையல் இயந்திரங்கள் தரையின் மேல் நிற்பதில்லை. தரையில் குழி வெட்டி, இயந்திரத்தின் தட்டு தரைமட்டத்துக்கு வரும்படி இறக்கியிருப்பார்கள். தைப்பவர் குழிக்குள் உட்கார்ந்திருப்பார். ஒரு வீட்டின் கூரையளவு துணி தரையில் வழுக்கிக்கொண்டு அவரிடம் வரும். எங்களில் பாதிப்பேர் நாளின் பாதியை முழங்காலில் கழிக்கிறோம். முழங்கால் மெத்தை இல்லாமல் வந்த பையன்கள் முதல் வாரத்திலேயே கடைக்கு ஓடுவார்கள்.

இந்த மாதம் குளிர்காலப் பழுதுவேலை. நேற்று ஒரு முன்பாய் என்னிடம் வந்தது. சுருட்டி வைக்கும்போது வெயில் படும் ஓரத்துக்குக் காப்புத்துணி தைத்திருப்பார்கள். அதன் நூல் முழுக்கச் செத்துவிட்டது. நகத்தால் கீறினேன், தையல் தூளாக உதிர்ந்தது. துணியில் குறையில்லை, நூலைத்தான் வெயில் தின்றுவிட்டது. பின்மூலையில் ஏழெட்டு அடுக்குத் துணி. அதை இயந்திர ஊசி துளைக்காது. உள்ளங்கைத் தோலுறையைப் போட்டு, மெழுகு தேய்த்த நூலை முக்கோண முனை ஊசியில் கோர்த்து, உறையின் இரும்புக் குழியில் ஊசியின் பின்பக்கத்தை வைத்துத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தையலையும் ஒரே அளவு இறுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் பக்கத்துத் தையல் அதன் சுமையையும் வாங்கும், அது அறும், பிறகு அடுத்தது. கட்டமைப்புப் பொறியியலில் சுமை எப்படிப் பகிரப்படுகிறது என்று நீங்கள் சமன்பாட்டில் படித்திருப்பீர்கள். என் கட்டைவிரலின் அடியில் அதற்கு ஒரு தழும்பு இருக்கிறது.

19 பெப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "மூலையில் ஏன் அத்தனை அடுக்கு?" என்கிறார். ஒரு கைக்குட்டையை எடுத்து நூல் ஓடும் திசையில் இழுங்கள், அசையாது. மூலைவாட்டில் இழுங்கள், நீளும். நெய்த துணி எல்லாம் அப்படித்தான். பாயில் பெருஞ்சுமை பின்விளிம்பு நெடுகப் பின்மூலைக்கு வருகிறது. அதனால் பொலியெஸ்டர் பாயில் துணித்துண்டுகளைப் பின்விளிம்புக்குக் குறுக்காக வைத்து, ஊடை நூல் (நெசவின் குறுக்கு நூல்) சுமையின் திசையில் ஓடும்படி செய்கிறோம். ஊடை வலுவாக இருக்கும்படியே அதற்கான துணியை நெய்கிறார்கள். மூலைக்கு வரும்போது சுமை விசிறிபோலப் பல திசைக்குப் பிரிகிறது. அங்கே எந்த ஒற்றைத் துணியும் எல்லாத் திசைக்கும் நூல் கொடுக்காது. அதற்குத்தான் கோணம் மாற்றி மாற்றி அடுக்குவது.

26 பெப்ரவரி

"தையலே இல்லாத பாய் வந்துவிட்டது, நீங்கள் ஊசியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்" என்று ஒரு கோபமான குறிப்பு. நியாயமான கோபம்.

லோவல் நோர்த் 1957 இல் சான் டியேகோவில் தொடங்கிய நோர்த் செயில்ஸ் இன்று உலகின் மிகப் பெரிய பாய் நிறுவனம். அவர் 1968 ஒலிம்பிக்கில் ஸ்டார் என்ற படகு வகுப்பில் தங்கம் வென்றவர். அவர்களுடைய உயர்ந்த ரகப் பாய்க்குத் துணித்துண்டு கிடையாது. இழைகளைப் பிரித்துப் பரப்பி, பிசின் ஏற்றிய மெல்லிய நாடாவாக்கி, சுமை ஓடும் பாதையிலேயே இயந்திரம் அவற்றை அடுக்குகிறது. பிறகு முழுப் பாயையும் அதன் வயிற்று வடிவத்திலேயே நிற்கும் பிரமாண்டமான அச்சின் மேல் போட்டு வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்குகிறார்கள். நெவாடாவிலுள்ள மிண்டனில் இது நடக்கிறது. இலங்கையிலும் நடக்கிறது.

அதுதான் நான் சொல்ல வருவது. தாய்லாந்தின் புக்கெட்டில் பெரிய பாய்த் தொழிற்கூடம் இருக்கிறது, பிலிப்பைன்ஸின் செபுவில் இருக்கிறது, நம் தீவில் இருக்கிறது. நான் இருக்கும் கரையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அளவெடுப்பு, பொருத்துதல், பழுது, வாடிக்கையாளரோடு கடலுக்குப் போய்ப் பார்ப்பது. 1790 இல் தொடங்கிய ராட்சி அன்ட் லாப்தோர்ன் நிறுவனத்தார் இங்கிலாந்தின் கௌஸ் ஊரில் இன்னும் பாய் செய்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. உலகத்தரமான பாய் உருவாவதைப் பார்க்க நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை, பஸ் ஏறினால் போதும். வெள்ளைக்கார மாணவர்கள் இந்த வாய்ப்புக்குத் தவம் கிடப்பார்கள். உங்கள் வீட்டில் அதைத் தையல் வேலை என்கிறார்கள்.

ஊசியைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. அந்த நாடாப் பாயின் மூலைக்கும் வளையம் பிடிக்க வேண்டும், ஓரத்துக்குப் பட்டி போட வேண்டும், அறுந்தால் ஒட்ட வேண்டும். கடைசி வேலை எல்லாம் கையில்தான்.

3 மார்ச்

கொஞ்சம் ஊர்க்கதை. வல்வெட்டித்துறை என்றதும் அன்னபூரணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

அன்னபூரணி அம்மாள் எங்கள் ஊரில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1930களில் அதை விலைக்கு வாங்கினார். அவர் லேசான ஆள் அல்லர்; 'ஸ்வாப்' என்ற சின்ன யாட்டில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர். நல்ல படகு எது என்று பார்த்தவுடன் தெரிந்த கண் அவருடையது. கப்பலுக்கு 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று தன் மனைவியின் பெயரை வைத்தார். எங்கள் ஊர்த் தண்டையலும் (கப்பல் தலைவரும்) மாலுமிகளும் அதை ஓட்டிக்கொண்டு 1938 இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

பிறகு ராபின்சன் தனக்கென்று ஒரு கப்பல் கட்டினார்: 'வருவா', 1942. அதுவும் அதே வகை இரட்டைப் பாய்மரக் கப்பல். வரைவில் அவரோடு சேர்ந்தவர் ஸ்டார்லிங் பர்ஜெஸ். மேலே 'ரேஞ்சர்' பற்றி எழுதினேனே, அதே பர்ஜெஸ். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மேத்திரிமார் (கப்பல் கட்டுபவர்கள்) கட்டியதை வாங்கிய கையும், 'ரேஞ்சர்' பந்தயப் படகை வரைந்த கையும் ஒரே மேசையில் சந்தித்திருக்கின்றன. நம் பிள்ளைகள் இந்தத் தொழிலை அந்நியமானது என்று நினைத்து ஒதுங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

9 மார்ச்

முதல் நாள் கேட்ட கேள்விக்கு, இரண்டு தொழிலையும் எங்கே வெட்டுவது என்பதற்கு, ஒரு நடந்த கதை.

ஒரு படகுக்காரர் தன் சுக்கான் கனக்கிறது என்று வந்தார். காற்று கூடினால் படகு மூக்கைக் காற்றின் பக்கமே திருப்புகிறது, இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வரைந்த கந்தோரைக் கேட்டாராம். எங்கள் கணக்கு சரி, பாயைப் பாருங்கள் என்றார்களாம். முன்பு பாய் தைத்துக் கொடுத்தவர்களோ, பாய் சரி, ஏராவைப் பாருங்கள் என்றார்களாம். இரண்டு வருடம் அந்த மனிதரைப் பந்தாடியிருக்கிறார்கள்.

வடிவமைப்பாளர் தாளில் செய்வது இது: பாய்களின் பரப்பு மையத்தை ஒரு புள்ளியாகக் குறிப்பார். நீருக்கடியில் படகின் பக்கவாட்டு உருவத்துக்கும் ஒரு மையம் குறிப்பார். பாய் மையத்தை நீர் மையத்துக்குச் சற்று முன்னால் வைப்பார். முன்பாய் மர உச்சிவரை ஏறும் படகில் நீர்க்கோட்டு நீளத்தில் ஐந்து முதல் ஒன்பது சதவீதம் என்பது வழக்கம். உண்மையில் காற்றும் நீரும் அந்தப் புள்ளிகளில் தள்ளுவதில்லை. படகு சாய்ந்ததும் பாயின் இழுவை பக்கவாட்டில் வெளியே போய்விடுகிறது, அது மூக்கைத் திருப்புகிறது. அந்த முன்னோக்கிய இடைவெளி அதை ஈடுகட்டப் பழக்கத்தால் கண்ட எண்.

நான் அவருடைய பெரிய பாயை ஏற்றச் சொல்லி, கீழே படுத்து அண்ணாந்து பார்த்தேன். பழைய பாய். துணி நீண்டு, வயிறு பெருத்துப் பின்னால் நகர்ந்துவிட்டது; பின்விளிம்பு உள்ளே கொக்கிபோல மடங்கியிருந்தது. வயிறு பின்னால் போனால் இழுவையும் பின்னால் போகும், படகு கூடச் சாயும், சாய்ந்தால் மூக்கு திரும்பும். மூட்டுகளைப் பிரித்துத் திரும்ப வெட்டினோம். கனம் பெருமளவு குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மிச்சம் வடிவமைப்பின் கோளாறு என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கந்தோரில் பாயை அண்ணாந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே இரண்டையும் பிரித்துச் சொல்லியிருப்பார்.

அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

10 மார்ச் — வாசகி

பயிற்சிக்கு ஒத்துக்கொண்டு கடிதம் அனுப்பிவிட்டேன். அம்மா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஒன்று மட்டும் கேட்க வெட்கமாக இருக்கிறது: நான் பாய்ப்படகில் ஏறியதே இல்லை.

10 மார்ச், இரவு

வெட்கம் எதற்கு? ஆனால் உடனே தீர்க்க வேண்டிய குறை. உங்கள் பல்கலைக்கழகம் இருப்பதே பொல்கொட ஏரிக்கரையில். அதே ஏரியில் சிலோன் மோட்டார் யாட் கிளப் இருக்கிறது. போய்க் கேளுங்கள். சின்னப் படகிலேயே தொடங்குங்கள், கவிழுங்கள், திரும்ப நிமிர்த்துங்கள். பெரிய யாட்டில் பத்துப் பேரில் ஒருவராக உட்கார்ந்திருப்பதைவிடச் சின்னப் படகில் தனியாக நனைவது அதிகம் கற்றுத் தரும்.

தொழிற்கூடத்தில் முதலில் வடிவமைப்புப் பிரிவில் உட்கார வைக்கப் பார்ப்பார்கள், பட்டதாரி என்பதால். மறுத்துவிடுங்கள். முடிப்புவேலைப் பகுதியையும் பழுதுப் பகுதியையும் முதலில் கேளுங்கள். திரும்பி வரும் பாய்கள் எங்கே அறுந்திருக்கின்றன என்று குறித்து வையுங்கள், படம் வரைந்து. மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனுக்கோ வேறெங்கேயோ விண்ணப்பிக்கும்போது அந்தக் குறிப்புப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

அம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டுபோய்த் தொழிற்கூடத்தைக் காட்டுங்கள். முழங்கால் மெத்தை வாங்க மறக்க வேண்டாம்.